பிரைவேட் காலேஜ்ல புது கோர்ஸ்னு நோட்டீஸ் குடுத்தா உடனே பணம் கட்டிடாதீங்க, இதெல்லாம் பாத்துட்டு கட்டுங்க

சென்னை காசிமேட்டுல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது, காலேஜ் அட்மிஷனும் கரெக்டா அந்த நேரத்துலதான் வருது. வட்டிக்கு வாங்கியோ கம்மல அடகு வெச்சோ கட்டற பணம் இது, அதனால பொறுமையா பாருங்க.

ஒழுக்கம், சேவை, ஏழைப் பிள்ளைங்களுக்கு முன்னுரிமைன்னு நோட்டீஸ்ல போட்டிருப்பாங்க. அது நெஜமான்னு ஃபீஸ் கவுன்டர்லதான் தெரியும். ஒரு வேலை நாள்ல போய் அரை மணி நேரம் அங்க நில்லுங்க, பாக்கி வெச்ச பசங்ககிட்ட எப்படி பேசறாங்கன்னு கேளுங்க. என் தம்பி படிச்ச காலேஜ்ல வாசல்லயே பெரிய போர்டு, அன்பே கல்வின்னு. மூணாவது செமஸ்டர்ல அப்பாவுக்கு வேலை போச்சு, 8,000 ரூபா பாக்கின்னு ஹால் டிக்கெட்ட டிராயர்ல வெச்சிகிட்டாங்க, பரீட்சை அன்னிக்கு காலைல எட்டரைக்கு அம்மா பணத்தோட ஓடினதுக்கு அப்புறம்தான் குடுத்தாங்க, அவன் அந்தப் பேப்பர்ல அரியர் வெச்சான்.

அப்புறம் புது கோர்ஸ். ஏஐ, டேட்டா சயின்ஸ்னு பேரு நல்லாதான் இருக்கும், ஆனா இன்ஜினியரிங்னா அந்த கோர்ஸுக்கு இந்த வருஷம் ஏஐசிடிஇ (டெக்னிக்கல் படிப்புக்கு அனுமதி குடுக்கற மத்திய அமைப்பு) அப்ரூவலும் அண்ணா யுனிவர்சிட்டி அஃபிலியேஷனும் இருக்கான்னு பேப்பர கேட்டு பாருங்க. என்பிஏங்கற தர அங்கீகாரம் இருக்குன்னு சொன்னா எந்த கோர்ஸுக்குன்னு கேளுங்க, அது ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனியா குடுக்கறது, இன்னும் ஒரு பேட்ச் கூட வெளிய வராத கோர்ஸுக்கு கெடைக்காது. லேப தொறந்து காட்டச் சொல்லுங்க. சப்ஜெக்ட் எடுக்கற ஸ்டாஃப் யாருன்னு கேளுங்க, கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் ஸ்டாஃபே ரெண்டு பக்கமும் ஓடறாங்கன்னா சீனியர் பசங்க பஸ் ஸ்டாப்ல சொல்லிடுவாங்க.

ஃபீஸ் நாலு வருஷத்துக்கும் சேத்து எவ்ளோன்னு எழுதி வாங்குங்க, பஸ், லேப், எக்ஸாம் எல்லாம் சேத்து. ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச புள்ளைன்னா கவுன்சிலிங்ல 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, சீட் கெடைச்சா ஃபீஸ கவர்மென்டே கட்டும். வீட்ல மொத பட்டதாரிக்கும் சலுகை இருக்கு. மேனேஜ்மென்ட் கோட்டால சேந்துட்டா இது ரெண்டுமே கெடையாது, ஏஜென்ட் இத சொல்லவே மாட்டான். கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுன்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வரும், 2022ல நம்ம பாரதி மகளிர் காலேஜ்லதான் ஆரம்பிச்சாங்க, பிரைவேட் காலேஜ்ல படிச்சாலும் உண்டு. பையனுக்கு அதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டம். பேங்க்ல எஜுகேஷன் லோன் 4 லட்சம் வரைக்கும் அடமானம் கேக்கக் கூடாது.

ஒரிஜினல் மார்க் ஷீட்ட மட்டும் விட்டுட்டு வராதீங்க, சரிபாத்துட்டு திருப்பித் தரணும்னு யுஜிசி 2018லயே சொல்லிடுச்சி.

கடைசியா, மீன்பிடித் தடை முடிஞ்சி ஜூலைல பாதி கட்றோம்னு ஒரு லெட்டர் எழுதி பிரின்சிபால் கையெழுத்து கேளுங்க. போட்டுக் குடுத்தா ஜெராக்ஸ் எடுத்து வெச்சிக்கோங்க. லெட்டரயே வாங்க மாட்டேன்னா அட்வான்ஸ் கட்டாம கெளம்பி வாங்க, கவர்மென்ட் காலேஜான பாரதி மகளிர்லயும் வியாசர்பாடி அம்பேத்கர் காலேஜ்லயும் முன்னாடியே அப்ளிகேஷன் போட்டு வெச்சிருங்க.