‘ஓம் ரீச்சர்’ சொல்லுவதற்கு முன்: ஒன்ராறியோவில் விசேட தேவையுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு

மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். சின்னப்பிள்ளைகள் இருக்கிற கட்டைக் கதிரை. முழங்கால் மேசையில் இடிக்கிறது. எதிரே அதிபர், வகுப்பு ரீச்சர், விசேட கல்வி ரீச்சர், யாரென்று விளங்காத இன்னொருவர். அவர்கள் கதைத்ததில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வசனத்துக்கும் ‘ஓம், ஓம்’ என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் பழகிய மரியாதை அது. கடைசியில் ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்தும் வைத்துவிட்டேன். வெளியே வந்து காரில் ஏறியதும் மனைவி கேட்டாள்: “இப்ப என்ன முடிவு எடுத்தவை?” எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்பது எங்களுக்கு விளங்க மூன்று வருஷம் பிடித்தது. அதைப் பிறகு சொல்கிறேன். ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்து, ஓட்டிசமோ, ஏ.டி.எச்.டி.யோ (கவனக் குறைவும் மிகைத் துடிப்பும்), வாசிப்பில் சிக்கலோ, காது கேட்பதில் குறையோ உள்ள பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கனடாவில் கல்வி மாகாணத்தின் பொறுப்பு. ஆகவே மொன்றியாலில் இருக்கும் மச்சாளோ கல்கரியில் இருக்கும் சித்தப்பாவோ சொல்கிற நடைமுறை இங்கே அப்படியே பொருந்தாது.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுவோம். “பிள்ளையின்ரை குறையைப் பள்ளிக்கூடத்தில சொன்னால் பி.ஆர். கிடைக்காமல் போயிடுமோ?” பி.ஆர். என்பது நிரந்தர வதிவிட உரிமை. இதை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. முந்தி, மருத்துவத்துக்கும் சமூக சேவைக்கும் அதிகச் செலவு வைப்பார் என்று கணித்து ஒருவரின் விண்ணப்பத்தை மறுக்கும்போது, விசேட கல்விச் செலவையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள். 2018 ஜூன் முதல் விசேட கல்வியை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். செலவு வரம்பையும் மூன்று மடங்காக்கினார்கள். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு அந்த விதியே கிடையாது. இன்னொன்று: பெற்றோருக்கு விசா இல்லை என்ற காரணத்துக்காக 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பள்ளிக்கூடம் திருப்பி அனுப்ப முடியாது. ஒன்ராறியோக் கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆகவே மறைக்க வேண்டாம். பதியும் நாளிலேயே சொல்லுங்கள்.

ஊரிலிருந்து எதையாவது கொண்டுவர முடியுமென்றால் கிளினிக் கொப்பி, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவுப் புத்தகம், பழைய தேர்ச்சி அறிக்கை இவற்றைக் கொண்டுவாருங்கள். ஒன்றுமில்லாமல் வந்தவர்கள் எங்களில் கனபேர். அப்படியென்றால் ஒரு பக்கத்தில் நீங்களே எழுதுங்கள்: பிள்ளை எப்போது நடக்கத் தொடங்கியது, எப்போது முதல் சொல் சொன்னது, வலிப்பு வந்ததா, எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், எதைக் கொடுத்தால் அமைதியாகும். டொக்டருடைய கடிதத்துக்கு அது ஈடில்லைதான். ஆனால் வகுப்பு ரீச்சருக்கு முதல் கிழமையில் உதவுவது அந்த ஒரு பக்கம்தான்.

“இங்கிலீஷ் வந்தால் சரியாகிவிடும்”

புதிதாக வந்த பிள்ளைகள் அதிகம் நாள் இழப்பது இந்த ஒரு வசனத்தால். பிள்ளை வாசிக்கவில்லை, சொல்வழி கேட்கவில்லை, வகுப்பில் பேசவில்லை என்றால், “மொழி புதிது, பொறுத்துப் பார்ப்போம்” என்று பள்ளிக்கூடம் சொல்லும். பல பிள்ளைகளுக்கு அது உண்மையும்கூட. உங்கள் பிள்ளைக்கு அது உண்மையா என்பது ரீச்சரைவிட உங்களுக்குத்தான் தெரியும், ஏனென்றால் பிள்ளையின் தமிழை அறிந்தவர் நீங்கள். தமிழில் பிந்தித்தான் பேசத் தொடங்கியதா? நேற்று என்ன நடந்தது என்று தமிழில் கோர்வையாகச் சொல்லத் தடுமாறுமா? ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் இருந்தும் ‘க’வும் ‘ச’வும் குழம்பியதா? ஆமென்றால், “வீட்டு மொழியிலும் இதே சிக்கல் இருக்கிறது” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் பொறுத்துப் பார்க்கும் காலத்தைக் குறைக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறான புத்திமதி, “வீட்டில் தமிழை நிற்பாட்டுங்கள், பிள்ளை குழம்புது” என்பது. இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசமோ பேச்சுத் தாமதமோ கூடுவதில்லை. அம்மம்மாவோடு கதைக்கிற மொழியையும் பறித்துவிட்டால் பிள்ளைக்கு வீட்டில் ஆள் குறைவதுதான் மிச்சம்.

பள்ளிக்கூட வயது வராத பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டுமென்றால், மாகாணத்தின் இலவச பாலர் பேச்சு, மொழிச் சேவைக்கு நீங்களே அழைத்துப் பதியலாம். டொக்டரின் கடிதம் தேவையில்லை.

வாயால் கேட்டால் காற்றோடு போகும்

அதிபரைக் கண்டு கதைப்பது நல்லது. ஆனால் சட்டப்படி எதுவும் தொடங்குவது கடிதத்தால்தான். அந்தக் கடிதத்தில் கேட்க வேண்டியது ஐ.பி.ஆர்.சி. (IPRC) கூட்டம். பிள்ளை விசேட தேவையுள்ளவரா, எந்தப் பிரிவில், எந்த வகுப்பில் படிப்பது நல்லது என்று தீர்மானிக்கும் குழு அது. குறைந்தது மூன்று பேர் இருப்பார்கள், அவர்களில் ஒருவராவது அதிபராகவோ மேற்பார்வை அதிகாரியாகவோ இருக்க வேண்டும். பெற்றோர் எழுத்தில் கேட்டால் அதிபர் மறுக்க முடியாது. கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் பெற்றோருக்கான கையேட்டைத் தந்து, கூட்டம் ஏறத்தாழ எப்போது நடக்கும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். 181/98 என்ற ஒழுங்குவிதி அது. எண்ணை நினைவில் வைத்திருங்கள், சில இடங்களில் அந்த எண்ணைச் சொன்னதும் குரல் மாறும்.

கடிதம் மூன்று வரி போதும்: பிள்ளையின் பெயர், வகுப்பு, ‘ஐ.பி.ஆர்.சி. கூட்டம் ஒன்றை ஒழுங்கு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’. ‘எங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை’. திகதி போடுங்கள். ஈமெயிலில் அனுப்பினால் இன்னும் நல்லது, நேரம் பதிவாகும். ஆங்கிலத்தில் எழுத ஆளில்லையென்றால் பள்ளிக்கூடத்துக்கு வரும் குடியேற்றப் பணியாளரைக் கேளுங்கள். ஸ்விஸ் வேர்க்கர் என்பார்கள். ரொறொன்ரோ, பீல், யோர்க் பக்கம் தமிழ் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மொழிபெயர்க்க மூத்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தம்பியின் குறையைப் பன்னிரண்டு வயது அக்கா வாயால் கேட்பது இரண்டு பேருக்குமே நல்லதல்ல.

சில அதிபர்கள், “ஐ.பி.ஆர்.சி. எதற்கு, ஐ.இ.பி. போதுமே” என்பார்கள். ஐ.இ.பி. என்பது பிள்ளைக்கு என்ன உதவி, எப்படிப் படிப்பிப்பது என்று எழுதும் திட்டம். குழு கூடாமலேயே அதை எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் குழு முறைப்படி அடையாளம் கண்ட பிள்ளைக்குத்தான் மேன்முறையீட்டு உரிமையும் வருஷாந்த மீளாய்வும் சட்டப்படி வரும். என்னைக் கேட்டால் இரண்டையும் கேளுங்கள் என்பேன்.

கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் அறிவித்தல் வர வேண்டும். உங்களுக்கு ஆதரவாக ஒருவரைக் கூட்டிப்போகலாம். தனி வகுப்பில் போடுவதைப் பற்றி யோசிக்க முன், தேவையான உதவியோடு சாதாரண வகுப்பில் வைத்திருக்க முடியுமா என்று குழு பார்க்க வேண்டும். முடிவு பிடிக்கவில்லையா? 15 நாளுக்குள் இரண்டாவது கூட்டம் கேட்கலாம், அல்லது 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அந்த மேசையிலேயே கையெழுத்து வைக்கவேண்டுமென்று ஒரு சட்டமுமில்லை. “வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிச்சிட்டுத் தாறன்” என்று சொல்லப் பழகுங்கள். முதல் தடவை நாக்குக் கூசும். பிறகு பழகிவிடும்.

ஒரு விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். “என் பிள்ளைக்கென்று ஒரு ஈ.ஏ.” (வகுப்பு உதவியாளர்) என்று கேட்பவர்கள் அதிகம். அந்த உதவியாளர் எத்தனை மணித்தியாலம் என்று ஐ.பி.ஆர்.சி. தீர்மானிப்பதில்லை. ஈ.ஏ. பள்ளிக்கூடத்துக்குத்தான், ஒரு பிள்ளைக்குத் தனியாக இல்லை. ஆளைக் கேட்டால் ‘ஆளில்லை’ என்று பதில் வரும். தேவையைக் கேளுங்கள்: சாப்பிடும்போது பக்கத்தில் யாராவது இருக்கவேண்டும், படியில் இறங்கக் கை வேண்டும், கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டும். இதை ஐ.இ.பி.யில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய தேவையை எப்படி நிறைவேற்றுவது என்பது அவர்களின் தலையிடி.

மூன்று எழுத்து

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். அது மகனின் ஐ.இ.பி. ஐ.இ.பி.யில் பாடங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் ஏ.சி. (AC), எம்.ஓ.டி. (MOD), ஏ.எல்.ரி. (ALT) என்று மூன்றில் ஒன்று போட்டிருக்கும். ஏ.சி. என்றால் பாடம் அதே பாடம், வழி மட்டும் வேறு: கூடுதல் நேரம், கணினியில் எழுதுவது, அமைதியான இடத்தில் சோதனை. எம்.ஓ.டி. என்றால் பாடமே மாறுகிறது, பெரும்பாலும் கீழ்வகுப்புப் பாடம். ஏ.எல்.ரி. என்றால் அரசாங்கப் பாடத்திட்டத்தில் இல்லாத திறன்கள். தானாக உடுப்பு மாற்றுவது, பஸ் எடுப்பது, பழகும் முறை போன்றவை.

மகனின் கணிதத்துக்குப் பக்கத்தில் இருந்தது எம்.ஓ.டி. ஆறாம் வகுப்பில் கணிதத்துக்கு ‘பி’ எடுத்துக்கொண்டு வந்தான். கேக் வாங்கி வெட்டினோம், படம் எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம். அடுத்த வீட்டு அண்ணா, ஓய்வுபெற்ற கணித வாத்தியார், அறிக்கையைக் கையில் எடுத்துக் கண்ணாடியைப் போட்டார். “தம்பி, ஐ.இ.பி. பெட்டியில புள்ளடி போட்டிருக்கு. கீழ வாசிச்சனீரே?” வகுப்புக்குரிய எதிர்பார்ப்பிலிருந்து வேறுபட்ட எதிர்பார்ப்புகளுக்கு இந்தப் புள்ளி என்று கீழே எழுதியிருந்தது. மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு வந்த ‘பி’ அது. பள்ளிக்கூடம் ஒளிக்கவில்லை. நாங்கள்தான் வாசிக்கவில்லை. அவனுக்கோ கணக்கு விளங்காமலில்லை, எழுதத்தான் கை ஓடாது. மீளாய்வு கேட்டு எழுதினோம். ஏழாம் வகுப்பில் கணினியும் கூடுதல் நேரமும் தந்து ஏ.சி.க்கு மாற்றினார்கள். புள்ளி ‘பி’யிலிருந்து இறங்கியது. அந்த வருஷம் கேக் இல்லை, ஆனால் நிம்மதியாக நித்திரை கொண்டோம்.

உயர்பள்ளியில் இதன் விளைவு பெரிது. டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எம்.ஓ.டி. போட்ட பாடத்துக்குக் கிரெடிட் உண்டா இல்லையா என்று அதிபர் தீர்மானிப்பார், ஏ.எல்.ரி.க்குக் கிரெடிட் கிடையாது. சில பிள்ளைகளுக்கு எம்.ஓ.டி.யும் ஏ.எல்.ரி.யும்தான் சரியான வழி, அதில் வெட்கமொன்றுமில்லை. அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

‘சலுகை’ என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். வாசிப்புக் கோளாறுள்ள ஒரு பிள்ளைக்காக பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து போன மூர் வழக்கில், 2012இல் கனடா உச்ச நீதிமன்றம் விசேட கல்வியை ஆடம்பரம் இல்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் வாக்களித்த கல்விக்குள் ஏறிச் செல்லும் சாய்தளம் என்று சொன்னது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டினால் யாரும் அதைச் சலுகை என்பதில்லையே.

பணம் பற்றிச் சுருக்கமாக. உளவியல் மதிப்பீட்டுக்குப் பள்ளிக்கூடத்தில் காத்திருப்பு நீளம், வெளியே செய்தால் சில ஆயிரம் டொலர். வேலையிடத்துக் காப்புறுதி எவ்வளவு தரும் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஓட்டிசம் என்று டொக்டர் எழுதித் தந்தால் அன்றைக்கே ஒன்ராறியோ ஓட்டிசம் திட்டத்தில் பதியுங்கள், வரிசை நீளம். இயலாமைக்கான வரிச்சலுகைக்கு ரி2201 (T2201) படிவம். டொக்டர் நிரப்ப வேண்டும். அது ஏற்கப்பட்டால் பிள்ளைக் கொடுப்பனவோடு மேலதிகத் தொகையும் வரும். தகுதி இருந்த பழைய வருஷங்களுக்கும் கேட்கலாம்.

16 வயதானதும் கூட்டத்தில் இருக்கும் உரிமை பிள்ளைக்கும் உண்டு. போன வருஷம் மகனும் வந்தான். பெரியாட்கள் இருக்கும் கதிரை இப்போது. உனக்கு என்ன உதவி வேண்டும் என்று அவனையே கேட்டார்கள். “கூடுதல் நேரம் வேண்டாம். சத்தமில்லாத அறை ஒன்று போதும்” என்றான். எட்டு வருஷமாக ஒவ்வொரு கூட்டத்திலும் நாங்கள் கேட்டு எழுதுவித்தது கூடுதல் நேரத்தைத்தான்.