படப்புத்தகம் செய்ய வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

“பாட்டி தூங்கிக்கொண்டிருந்தாள்” என்று ஒரு வரி. பக்கத்திலேயே பாட்டி கண்மூடிப் படுத்திருக்கும் படம். இதில் குழந்தைக்கு ஒரு வேலையும் இல்லை. அதே வரிக்கு, முறுக்கு டப்பாவை நோக்கி நகரும் பேரனின் கையைப் பாட்டி ஒற்றைக் கண்ணால் பார்ப்பதாக வரைந்து பாருங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைதான் அதை முதலில் கண்டுபிடிக்கும். “இல்லப்பா, பாட்டி முழிச்சிருக்காங்க!” என்று படித்துக் காட்டுபவரையே திருத்தும்.

எழுத்தும் ஓவியமும் ஒரே ஆளின் கையில் இருக்கும்போது இப்படி விளையாட எவ்வளவு இடம்! அதை விட்டுவிட்டு எழுதியதையே வரைவதுதான் இந்தத் தொழிலில் ஆகப் பெரிய தவறு என்பேன். பென்சில் படங்கள் முடிந்ததும் கதைக்குத் திரும்பிப் போங்கள். சட்டையின் நிறம், மழை, சிரிப்பு என்று படம் சொல்லிவிட்ட எல்லாவற்றையும் அடியுங்கள். கடைசிப் பக்கத்தில் நீதி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும்தான். கதையில் இல்லாத நீதி அந்த ஒரு வரியால் வந்துவிடாது.

அடுத்த சறுக்கல், டம்மி, அதாவது கையால் செய்த மாதிரிப் புத்தகம், செய்யாமல் வண்ணத்தில் இறங்குவது. அச்சகத்தில் தாளை மடித்து 8, 16 பக்கங்களாக வெட்டுவதால் படப்புத்தகங்கள் பெரும்பாலும் 16, 24, 32 பக்கங்களில் வருகின்றன. தலைப்பு, பதிப்பு விவரம் போக மிச்சம்தான் கதைக்கு. சாதாரணத் தாளை மடித்துத் தைத்து, கதையை அதில் எழுதிப் புரட்டிப் பாருங்கள். “கதவைத் திறந்தால்...” என்பது இடப்பக்கத்திலும் உள்ளே இருக்கும் யானை வலப்பக்கத்திலும் இருந்தால், குழந்தையின் கண் யானைக்குத்தான் முதலில் போகும். யானை அடுத்த தாளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கதாபாத்திரத்தின் முகம் நடுமடிப்பில் சிக்குவதும் டம்மியில்தான் தெரியவரும். பதிப்பாசிரியர் நாலு பக்கத்தை மாற்றச் சொல்வார். அதனால் டம்மியுடன் இரண்டு, மூன்று வண்ணப்படங்கள் மட்டும் அனுப்பினால் போதும். வரையத் தெரியாத எழுத்தாளர்கள் கைக்காசு போட்டு ஓவியரை அமர்த்திவிட்டுப் பதிப்பகம் தேடுவதும் வேண்டாத செலவு. ஓவியரைப் பெரும்பாலும் பதிப்பகமே தேர்ந்தெடுக்கும்.

மறுப்பு வந்ததும் கதையைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறவர்களுக்கு, தானே எழுதித் தானே வரைந்த ஆங்கிலேய எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டரை நினைவூட்டுவேன். 1893-ல் உடல்நலமில்லாத ஒரு சிறுவனுக்கு அவர் படங்களோடு எழுதிய கடிதம்தான் பீட்டர் முயல் கதை. பல பதிப்பகங்கள் மறுத்தன. சின்னக் கைகளுக்கு ஏற்ற சின்னப் புத்தகம் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். 1901-ல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். முன்பு மறுத்த ஃபிரெடரிக் வார்ன் நிறுவனமே 1902-ல் அதை வண்ணத்தில் வெளியிட்டது.

அதே புத்தகத்தில் இன்னொரு பாடமும் உண்டு. அமெரிக்காவில் பதிப்புரிமை பதிவு செய்யப்படாமல் போனதால் அங்கே திருட்டுப் பதிப்புகள் கிளம்பின. அவற்றால் பாட்டருக்கு ஒரு காசும் வரவில்லை. நம்மவர்கள் உரிமையை இழப்பதோ பெரும்பாலும் தங்கள் கையெழுத்தாலேயே. முதல் புத்தகம் வருகிற மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஆனால் “எல்லா உரிமைகளும், எல்லா மொழிகளிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக” என்று ஒரு வரி இருந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு உதவாது. மொழிபெயர்ப்பு, அனிமேஷன், பொம்மை என ஒவ்வொன்றின் உரிமையும் யாருக்கு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். எழுத்துக்கு எவ்வளவு ராயல்டி, ஓவியத்துக்கு எவ்வளவு என்பதையும், மூல ஓவியங்கள் எப்போது உங்கள் கைக்குத் திரும்பும் என்பதையும் அதே தாளில் சேர்க்கச் சொல்லுங்கள்.