தெரபிஸ்ட்டைத் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகிச்சை உளவியலாளர் ஒருவரிடம் வருகிறவர்களில் பலர், அவரிடம்தான் முதன்முதலாக வருகிறார்கள் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே ஓரிருவரிடம் போய், பணத்தையும் நாளையும் செலவழித்து, "கவுன்சிலிங் எல்லாம் எனக்குச் சரிப்பட்டு வராது மேடம்" என்ற முடிவோடு, வீட்டார் வற்புறுத்தியதற்காகக் கடைசியாக ஒருமுறை வந்து உட்காருகிறவர்கள் அவர்கள். எங்கே போனீர்கள், எதற்காகப் போனீர்கள், அங்கே என்ன நடந்தது என்று நிதானமாகக் கேட்டால் வெளிவரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. இந்தத் துறைக்குப் படிக்க வருவதற்கு முன்னால் நானும் சரியென்று நம்பியிருந்தவைதாம் அவற்றில் பாதி. விளம்பரத்தைப் பார்த்து மயங்குவது, கட்டணத்தை முன்கூட்டியே கேட்காமல் போவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டாலே அவை புரிந்துவிடும். பட்ட பிறகும் புரியாமல் போகிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

யாரிடம் போகிறோம் என்று தெரியாமல் போவது

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதித் தருவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் சிகிச்சை உளவியலாளர் மருந்து எழுத முடியாது. மதிப்பீடு செய்வதும் பேச்சுவழிச் சிகிச்சை தருவதும் அவர் வேலை. 1992-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், அவர் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் சொல்லக் கடமைப்பட்டவர் அவர்; கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை.

சிக்கல் 'கவுன்சிலர்' என்ற பெயரில்தான் இருக்கிறது. முறையாக இரண்டாண்டு முதுநிலைப் படிப்பும் களப்பயிற்சியும் முடித்தவரும் அதே பெயரைப் போட்டுக்கொள்கிறார். சில வாரச் சான்றிதழ் வகுப்பை இணையத்தில் முடித்தவரும் அதே பெயரைப் போட்டுக்கொள்கிறார். துணை மருத்துவத் தொழில்களுக்கென 2021-இல் வந்த மத்தியச் சட்டம் உளவியல் சார்ந்த தொழில்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது என்றாலும், அது பெயர்ப்பலகை வரை வந்து சேரும்வரை விசாரிக்கும் பொறுப்பு நம்முடையதாகவே இருக்கும். இதனால் கவுன்சிலரே வேண்டாம் என்று பொருளில்லை. கணவன் மனைவி பிணக்கு, துக்கம், வேலையிட நெருக்கடி ஆகியவற்றுக்கு நல்ல பயிற்சி பெற்ற கவுன்சிலர் போதும். சில வேளை அவரே மேல்.

இதமாக இருக்கிறது என்பதற்காகவே தொடர்வது

இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். அந்த எரிச்சல், என்னிடம் வருகிறவர்கள் மேல் அல்ல, "உங்களுக்கு அவரோடு பேசப் பிடித்திருக்கிறதா? அப்படியென்றால் அவரே உங்களுக்கு ஏற்றவர்" என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிற அந்த அரைகுறை அறிவுரையின் மேல்.

அடையாளங்களை மாற்றி ஒரு கதையைச் சொல்கிறேன். தனியார் வங்கியில் பணிபுரியும் ஒரு பெண். காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினோமா என்ற ஐயம் அவருக்கு வரும். முதலில் இரண்டு முறை பார்த்துவிட்டுக் கிளம்பினார். பிறகு பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தார். பிறகு, திரும்பி வருவதைத் தவிர்ப்பதற்காக, மூடிய ரெகுலேட்டரைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போய் அலுவலகத்தில் பெரிதாக்கிப் பார்த்தார். அந்தப் படம் நேற்று எடுத்ததோ என்ற ஐயம் வந்தபோது, அன்றைய நாள்காட்டித் தாளைக் கிழித்து ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கத் தொடங்கினார்.

இந்த நிலையில் அவர் ஒரு கவுன்சிலரிடம் போனார். மென்மையாகப் பேசுகிறவர், குறுக்கே பேசாதவர், அழுதால் காத்திருக்கிறவர். வாரந்தோறும் சிறுவயதைப் பற்றியும் அப்பாவின் கண்டிப்பைப் பற்றியும் பேசினார்கள். அதோடு, அன்பின் மிகுதியால் அந்தக் கவுன்சிலர் ஓர் ஏற்பாடும் செய்தார்: "சந்தேகம் வந்தால் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்." ஒவ்வொரு காலையும் படம் போகும், "மூடித்தான் இருக்கிறது, நிம்மதியாக வேலையைப் பாருங்கள்" என்று பதில் வரும். அந்த ஒரு வரி வரும்வரை இவர் கணினியைத் திறக்க மாட்டார். நாளடைவில் காலையில் ஒரு படம் என்பது, மதியமும் அதே படத்தை மறுபடி அனுப்பிக் கேட்பது என்றானது. ஒன்றரை ஆண்டு இப்படிப் போயிற்று. அத்தனை வாரமும் கட்டணம் கட்டியிருக்கிறார். அத்தனை வாரமும் வெளியே வரும்போது மனம் லேசாக இருந்திருக்கிறது. நோய் மட்டும் வளர்ந்திருக்கிறது.

இது எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. என்றால் பலருக்கும் தெரியும். ஐயம் வருகிறது, பதற்றம் ஏறுகிறது, போய்ப் பார்த்தவுடன் பதற்றம் இறங்குகிறது. அந்த இறக்கம்தான் கண்ணி. பார்த்ததனால்தான் ஆபத்து விலகியது என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை ஐயம் இன்னும் வலுவாக வருகிறது. பிறரிடம் கேட்டு உறுதி பெறுவதும், நேரில் போய்ப் பார்ப்பதும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். எனவே அந்தக் கவுன்சிலர் அளித்த ஆறுதல் சிகிச்சையாக இருக்கவில்லை. சடங்கின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. அவருக்கு நல்ல மனம் இருந்தது. அந்த நோய்க்கான பயிற்சி இல்லை.

இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், நோயாளிகளை அவர்கள் அஞ்சும் சூழலுக்குள் நிறுத்தி, வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யவிடாமல் உடனிருந்து தடுத்து, அதன் பலனை எழுதி வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன், சுருக்கமாக ஈ.ஆர்.பி. இன்று ஓ.சி.டி.க்கு முதலில் பரிந்துரைக்கப்படும் பேச்சுவழிச் சிகிச்சை இதுவே. அந்தப் பெண் என்னிடம் வந்த பிறகு அது எப்படி நடந்தது என்றால்: ரெகுலேட்டரை ஒருமுறை மூட வேண்டும், கையை எடுக்க வேண்டும், படமெடுக்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும். பயத்துக்குச் சுழியத்திலிருந்து நூறு வரை ஒரு மதிப்பெண் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிறு குறிப்பேட்டில் எழுத வேண்டும். யாரையும் எதையும் கேட்கக் கூடாது. கணவரும் "மூடியிருக்கும்" என்று சொல்லக் கூடாது. எண்பத்தைந்தில் தொடங்கிய பயம் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் தானாக இறங்குவதை அவரே எழுதிப் பார்த்தார். இறங்காத நாள்களும் உண்டு. பயத்தோடேயே கணினியைத் திறந்து வேலை செய்ய முடிகிறது என்பதை அந்த நாள்கள் கற்றுக்கொடுத்தன.

முதல் சில வாரங்கள் அவருக்கு என்னைப் பிடிக்கவே இல்லை. "முன்னால் பார்த்த மேடம் எவ்வளவு அன்பானவர் தெரியுமா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். நியாயமான கேள்விதான். இதத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், அவருக்கு உதவாத சிகிச்சை வென்றுவிடும், உதவிய சிகிச்சை தோற்றுவிடும்.

தெரபிஸ்ட்டோடு உள்ள உறவு முக்கியமில்லை என்று இதைப் படித்துவிடக் கூடாது. எந்த முறையாக இருந்தாலும் அந்த உறவு நன்றாக இருந்தால் பலனும் கூடுகிறது என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிய உண்மை. ஆனால் அந்த உறவை 1979-இல் வகுத்துச் சொன்ன எட்வர்டு போர்டின் என்ற உளவியலாளர், அதற்கு மூன்று கூறுகள் உண்டு என்றார்: எதை அடையப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்காக என்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. நம்மவர்கள் மூன்றாவதை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள்.

முதல் இரண்டையும் அறிந்துகொள்வது கடினமில்லை. முதல் அல்லது இரண்டாவது செஷனில் வாய்விட்டுக் கேட்டால் போதும். என்னுடைய பிரச்சினையை நீங்கள் என்னவென்று கருதுகிறீர்கள்? அதற்கு எந்த முறையைக் கையாளப் போகிறீர்கள்? இரண்டு செஷன்களுக்கு நடுவில் வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்? எத்தனை வாரத்தில் எந்த மாற்றத்தை எதிர்பார்க்கலாம், அது வராவிட்டால் என்ன செய்வோம்? தேர்ந்த தெரபிஸ்ட் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். இரண்டு நிமிடத்தில் எளிய தமிழில் விளக்குவார், தெரியாததைத் தெரியாது என்பார். ஓ.சி.டி. என்று தெரிந்தே போகிறவர்கள், "ஈ.ஆர்.பி. செய்வீர்களா, எப்படிச் செய்வீர்கள்?" என்று நேராகக் கேட்கலாம். மூச்சுப் பயிற்சி, மனத்தளர்வுப் பயிற்சி, தேவையற்ற எண்ணம் வரும்போது மணிக்கட்டில் மாட்டிய ரப்பர் பேண்டைச் சுண்டுவது என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வரலாம். அந்த ரப்பர் பேண்டு இன்னும் புழக்கத்தில் இருப்பது எனக்குத் தீராத வியப்பு.

துக்கத்திலோ, மணமுறிவின் நடுவிலோ, வாழ்க்கையில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாத குழப்பத்திலோ இருக்கிறவருக்கு, தீர்ப்புச் சொல்லாமல் கேட்கும் ஒருவரே பெரும் உதவி. அங்கே அந்த இதமே வேலையின் பெரும்பகுதி. எதற்காகப் போகிறோம் என்று ஒரு தாளில் மூன்று வரி எழுதிப் பார்த்தால், எந்த வகை உதவி வேண்டும் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

உறவினரிடம் சிகிச்சை பெறுவது

கூடாது. அவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் கூடாது.

மருந்தா, பேச்சா என்று கட்சி கட்டுவது

மருந்து வேண்டாம் என்பதற்காகவே உளவியலாளரைத் தேடி வருகிறவர்கள் ஏராளம். இருதுருவ மனநோயிலும் மனச்சிதைவு நோயிலும் மருந்தை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் நம்புவது ஆபத்து. கடும் மனச்சோர்விலும் ஓ.சி.டி.யிலும் இரண்டும் சேர்ந்து தேவைப்படலாம், ஓ.சி.டி.க்கான மாத்திரையின் பலனைத் தெரிந்துகொள்ள இரண்டு மூன்று மாதம்கூட ஆகும் என்பதால், இரண்டாம் வாரத்திலேயே பயனில்லை என்று நிறுத்துவதும் தவறு. மனநல மருத்துவரோடு பேசித் தகவல் பகிர்ந்துகொள்ளும் தெரபிஸ்ட்டைத் தேர்ந்தெடுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் தெரபிஸ்ட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ரகசியத்தைப் பற்றிக் கேட்காமலிருப்பது

அம்மா வெளியே காத்திருக்க, உள்ளே இருபத்து மூன்று வயது மகள், "இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிடுவீர்களா?" என்று கேட்கத் தயங்கிப் பாதிக் கதையை விழுங்கிவிடுவது அன்றாடக் காட்சி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. விதிவிலக்குகளும் உண்டு: உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்றவை. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிக்காமலிருக்க யாருக்கும் அனுமதியில்லை. இந்த எல்லைகளை முதல் நாளே விளக்குவது தெரபிஸ்ட்டின் கடமை. விளக்காவிட்டால் கேளுங்கள். கட்டணம் செலுத்துவது பெற்றோர் என்பதற்காகப் பேசியதை அவர்களிடம் ஒப்பிக்கும் வழக்கமுள்ளவரானால், அடுத்த முறை போக வேண்டியதில்லை.

'மாற்றிக் காட்டுகிறேன்' என்பவரை நம்புவது

தன்பால் ஈர்ப்புள்ள மகனையோ மகளையோ "சரிசெய்ய" அழைத்து வருகிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். சரிசெய்து தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தங்கள் குடும்பங்களிடமிருந்து பாதுகாப்புக் கோரி இரு பெண்கள் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் இப்படிப்பட்ட முயற்சிகளைத் தடைசெய்யச் சொன்னார். தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரிய வேண்டும் என்பதற்காக அவரே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் இத்தகைய 'சிகிச்சை'யை மருத்துவர்களுக்கான தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

ஆங்கிலத்தில் பேசினால்தான் தரம் என்று நினைப்பது

வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுகிறீர்களோ அந்த மொழி தெரிந்தவரிடம் போங்கள்.

அரசு மருத்துவமனையை ஒதுக்குவது

கீழ்ப்பாக்கம் என்றாலே கேலி பேசிப் பழகிவிட்டோம். 1794-இல் தொடங்கிய வரலாறு கொண்ட அந்த மனநலக் காப்பகத்தில், புறநோயாளியாகப் போய் ஆலோசனை பெற்று அன்றே வீடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், மருத்துவர் ஒதுக்கும் நேரம் குறைவு, உளவியலாளரிடம் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டிவரும். இவை உண்மையான குறைகள். ஆனால் நோய் என்னவென்று ஒரு தெளிவான முடிவு கிடைத்துவிட்டால், அதன்பின் தனியாரிடம் போனாலும் எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போகலாம். எங்கே தொடங்குவதென்றே தெரியாதவர்களுக்கு, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. எந்நேரமும் தமிழில் பேசலாம். தொடர் சிகிச்சைக்கு அது மாற்று ஆகாது.

சொல்லாமல் நின்றுவிடுவது

பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் போகாமலிருந்துவிடுவதும், தொலைபேசி அழைப்பை எடுக்காமலிருப்பதும், மூன்று மாதம் கழித்து வேறொருவரிடம் பிறந்ததிலிருந்து கதையைத் தொடங்குவதும் நம்மிடம் மரியாதையாகக் கருதப்படுகிறது. "போன வாரம் நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது" என்று நேரில் சொல்லிப் பாருங்கள். அதற்கு அவர் தற்காத்துப் பேசுகிறாரா, நின்று கேட்கிறாரா என்பதிலிருந்தே அவரைப் பற்றித் தெரிந்துவிடும். அப்படிப் பேசித் தீர்த்த பிறகு சிகிச்சை வேகமெடுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பேசிய பிறகும் ஒத்துவரவில்லை என்றால் தாராளமாக மாறிக்கொள்ளலாம். போகும்போது, மதிப்பீட்டின் முடிவையும் இதுவரை செய்த சிகிச்சையின் சுருக்கத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தன்னுடைய அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறுவது மேற்சொன்ன 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு தரும் உரிமை. அடுத்தவரிடம் முதல் நாளே அந்தத் தாளைக் கொடுத்துவிட்டால், அறிமுகத்திலேயே கழியும் இரண்டு மூன்று செஷன்களின் கட்டணமாவது மிஞ்சும்.