ஆஸ்வாப் தேர்வு: சொல்லறிவுப் பகுதிக்குப் படிப்பது எப்படி

அமெரிக்க ராணுவத்தில் சேர எழுதும் ஆஸ்வாப் தேர்வின் காகித வடிவத்தில், ஆங்கிலச் சொற்களின் பொருளைக் கேட்கும் சொல்லறிவுப் பகுதிக்கு 35 கேள்விகள், 11 நிமிடம். ஒரு கேள்விக்கு 19 வினாடிகூட இல்லை. யோசித்துக் கண்டுபிடிக்க நேரமிருக்காது. பார்த்ததும் பொருள் வர வேண்டும். தகுதி மதிப்பெண்ணில் சொல்லறிவும் அடங்கிய மொழிப் பகுதி இரட்டிப்பாகச் சேர்வதால் இந்த உழைப்பு வீண்போகாது.

பலர் தவறுவது இங்கேதான்: தமிழ்ப் பொருளை மட்டும் மனப்பாடம் செய்வார்கள். ‘ஃப்ரூகல்’ என்றால் சிக்கனம் என்று தெரியும். ஆனால் விடையில் நிற்பது அதே பொருள் தரும் இன்னொரு ஆங்கிலச் சொல், ‘த்ரிஃப்டி’. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அட்டை எழுதுங்கள்: முன்பக்கம் சொல், பின்பக்கம் இரண்டு ஆங்கில இணைச்சொற்கள், ஒரு எதிர்ச்சொல், சொந்தமாக எழுதிய ஒரு வாக்கியம். நாளுக்கு 10 சொல் போதும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் திரும்பப் பாருங்கள். தவறிய அட்டையை மறுபடி முதல் நாள் அட்டைகளோடு சேர்த்துவிடுங்கள்.

வேர்ச்சொற்களும் கைகொடுக்கும்: ‘பெனி’ நன்மை, ‘மால்’ தீமை. முன்னொட்டை மட்டும் கண்மூடி நம்பாதீர்கள். ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் எளிதில் தீப்பற்றுவது. ‘இன்’ இருப்பதால் தீப்பற்றாதது என்று குறித்தால் மதிப்பெண் போச்சு.

வாக்கியத்தில் கோடிட்ட சொல் வந்தால், வாக்கியத்தில் பொருந்துவதெல்லாம் விடையல்ல. அந்தச் சொல்லின் பொருள்தான் விடை. காகிதத் தேர்வில் தவறுக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், எதையும் காலியாக விடாதீர்கள். கணினி வடிவத் தேர்விலோ முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது.