இரவுப் படத்துக்கு எந்த கலர் ரோல்?

ஒருநாள் ராத்திரி ஏழரை மணிக்கு, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றிச் சுற்றி ஒரு 200 ஐஎஸ்ஓ கலர் பிலிம் ரோலை (ஐஎஸ்ஓ எண் கூடக் கூட, குறைந்த வெளிச்சமே போதும்) முழுசாக எடுத்துத் தீர்த்தேன். கழுவி வந்ததில் 36க்கு நாலு தேறியது. மற்றதில் கறுப்பெல்லாம் பச்சை பாய்ந்த சேறு. ரோலைக் குறை சொல்ல முடியாது; வெளிச்சத்தை அளக்காமலே வாங்கியது நான்.

அதனால் முதல் வேலை, அளப்பது. போனில் லைட் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கி, ஐஎஸ்ஓவை 400, அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பு) உங்கள் லென்ஸின் அதிகபட்ச அளவில், அதாவது மிகச் சிறிய எஃப் எண்ணில் வையுங்கள். படமெடுக்கப் போகும் நேரத்திலேயே அந்த இடத்துக்குப் போங்கள். விளக்கை நோக்கிப் பிடிக்காதீர்கள், முகத்தில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். மணக்குள விநாயகர் கோயில் பக்கம், மல்லிகைக் கூடைக்கு மேல் பல்பு தொங்கும் பூக்கடையில் எஃப்/1.8க்கு எனக்கு 1/60 விநாடி ஷட்டர் வேகம் கிடைத்தது. பத்தடி தள்ளிச் சந்துக்குள் திரும்பினால் 1/8!

50 எம்எம் லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க 1/60 வேண்டும். அது கிடைத்தால் கோடக் அல்ட்ராமேக்ஸ் 400 போதும். 1/30 என்றால் 800 வாங்குங்கள். 1/8க்கு 800ம் உதவாது, டிரைபாடுதான். எஃப்/3.5 ஜூம் வைத்திருப்பவர்கள் ரோலைவிட முதலில் ஒரு எஃப்/1.8 லென்ஸ் தேடுவது நல்லது. கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு).

800லும் இரண்டு சாதி உண்டு. போர்ட்ரா 800 பகல் வெளிச்சத்துக்கான பிலிம். மஞ்சள் பல்புக்குக் கீழே எல்லாம் மஞ்சளாகவே வரும், ஆனால் முகம் அழகாக இருக்கும். சினிஸ்டில் 800டி, பல்பு வெளிச்சத்துக்கென்றே வந்த கோடக் சினிமா பிலிமிலிருந்து பின்பக்கக் கறுப்புப் பூச்சை நீக்கிச் செய்தது. பூச்சு இல்லாததால் விளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழும். பலருக்கு அதுதான் மோகம். எனக்குப் பத்துப் படத்துக்கு மேல் சலித்துவிடும்.

எடுக்கும்போது நிழலை அளந்து வையுங்கள். கலர் நெகட்டிவ் ஒரு ஸ்டாப் அதிக வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்தால்தான் வம்பு. லேபில் 'புஷ்' செய்யச் சொல்லலாம்தான், அதாவது வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கழுவச் சொல்வது. குருணையும் கான்ட்ராஸ்டும் ஏறும், நிழலில் பதியாதது திரும்பி வராது.

அப்புறம், ரோலை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, டப்பாவைத் திறக்காமல் விடுங்கள். நம் கடற்காற்றில் குளிர்ந்த பிலிம் உடனே வேர்த்துவிடும்.