"திறந்து விட்டாங்க" என்ற நாளைக் கேட்டுப் பதிவு செய்வது எப்படி: மதுரைத் தெருக்களுக்கு ஒரு வழிகாட்டி

கொரோனா ஊரடங்கைத் தளர்த்தியபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சந்தோஷமா இருந்துச்சு." அந்தப் பதிலோடு வீடு திரும்பினால் அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றுதான் கணக்கு. சொன்னவர் பொய் சொல்லவில்லை, கேள்விதான் தப்பு. மதுரையில் தளர்வு ஒரே நாளில் வந்துவிடவில்லை. திறந்தார்கள், மூடினார்கள், பாதி திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். எந்தத் திறப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளாமல் பேட்டி எடுத்தால், 2020 செப்டம்பரும் 2021 ஜூலையும் ஒன்றோடொன்று கலந்து குழம்பாகிவிடும்.

பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஊர் வரலாற்றில் அக்கறையுள்ள யாரும் தங்கள் தெருவில் செய்யக்கூடிய வேலை இது. ஒரு போன், ஒரு நோட்டு, நான்கு வாரங்களின் சனி, ஞாயிறு போதும். நினைவு மங்கிக்கொண்டே வருகிறது, அன்றைக்கு அறுபது எழுபது வயதில் இருந்தவர்களிடம் இப்போதே கேட்டாக வேண்டும்.

முதல் வேலை: தேதி அட்டை

கேட்கப் போவதற்கு முன் ஒரு தபால் அட்டை அளவுக் காகிதத்தில் இந்தத் தேதிகளை எழுதிப் பையில் வையுங்கள்.

2020: மார்ச் 24 மாலை 6 மணிக்கு மாநிலத்தில் 144. மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. அன்று அதிகாலையில்தான் மாநிலத்தின் முதல் கொரோனா மரணம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. மே 7 டாஸ்மாக் திறப்பு, மறுநாளே மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு, மே 16 மீண்டும் திறப்பு. மே 11 டீக்கடையில் பார்சல் மட்டும். மே 24 நகரத்து சலூன்கள். ஜூன் 8 ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி. ஜூன் 24 மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு, ஜூலை 14 வரை. செப்டம்பர் 1 பெரிய கோயில்கள், மாவட்டத்துக்குள் பேருந்து. செப்டம்பர் 7 மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்து. நவம்பர் 10 தியேட்டர்.

2021: ஜனவரி 19 பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும். மே 10 இரண்டாம் அலை ஊரடங்கு. மே 22, 23 இரண்டு நாள் மட்டும் கடைகள். மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு. ஜூலை 5 மாநிலம் முழுக்க ஒரே மாதிரித் தளர்வு. செப்டம்பர் 1 ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பள்ளி. அக்டோபர் 14 முதல், அதுவரை மூடியிருந்த வெள்ளி, சனி, ஞாயிறிலும் கோயில். நவம்பர் 1 சின்ன வகுப்புகள்.

2022: ஜனவரி 28 இரவு ஊரடங்கு நீக்கம். ஏப்ரல் 16 அழகர் ஆற்றில் இறங்கினார், மக்களோடு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 2020 ஜூன் 24 ஊரடங்கு மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களுக்கு மட்டும் போட்டது. உசிலம்பட்டிக்காரரிடம் போய் "ஜூலை 15 திறந்தப்போ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் விழிப்பார். சிம்மக்கல்லில் டிபன் கடை வைத்திருந்தவருக்கோ அந்தத் தேதி மறக்காது. ஜூன் 8-ல் மேசை நாற்காலியைத் துடைத்துப் போட்டார், 16 நாள் ஓடியது, மறுபடி ஷட்டரை இறக்கினார். இரண்டாவது முறை திறந்தபோது அவர் மாவு எவ்வளவு ஆட்டினார், ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டாரா என்று கேளுங்கள். முதல் திறப்பின் ஆசைக்கும் இரண்டாம் திறப்பின் தயக்கத்துக்கும் உள்ள இடைவெளி அந்த மாவுக் கணக்கில் தெரிந்துவிடும்.

தேதியை நேரடியாகக் கேட்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. திருவிழாவையும் தேர்தலையும் முளையாக அடித்து அதில் நினைவைக் கட்டுங்கள். "அழகர் ஆத்துல இறங்காத வருசம், முதல் வருசமா ரெண்டாவது வருசமா?" "ஓட்டுப் போட்டதுக்கு முன்னாடியா பின்னாடியா?" (சட்டமன்றத் தேர்தல் 2021 ஏப்ரல் 6.) "ரேஷன்ல ஆயிரம் ரூவா கொடுத்தப்பவா, ரெண்டாயிரம் கொடுத்தப்பவா?" ஆயிரம் என்றால் 2020 ஏப்ரல், இரண்டாயிரம் என்றால் 2021 மே அல்லது ஜூன். பெண்களிடம் இன்னொரு முளை நன்றாகப் பிடிக்கும்: டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போனது. அந்தத் திட்டம் 2021 மே 8-ல் தொடங்கியது, இரண்டு நாளில் ஊரடங்கு வந்துவிட்டது. அதனால் பலர் அதில் முதன்முதலாக ஏறியதே இரண்டாம் தளர்வுக்குப் பிறகுதான்.

யாரிடம் கேட்பது

ஊர் முழுக்க நூறு பேரைவிட ஒரே தெருவில் பன்னிரண்டு பேர் மேல். ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொல்வதோடு ஒத்துப்பார்க்கலாம். அந்தப் பன்னிரண்டில் மூன்று விதமானவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: திறந்த அன்றே வெளியே ஓடியவர், திறந்த பிறகும் மாதக்கணக்கில் வாசல் தாண்டாதவர், திறந்தாலும் மூடினாலும் ஒரு நாள்கூட வேலை நிற்காதவர். மூன்றாம் வகையைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். தூய்மைப் பணியாளர், பால் ஊற்றுபவர், செவிலியர், சுடுகாட்டில் வேலை பார்த்தவர் ஆகியோருக்குத் தளர்வு என்பது விடுதலையாக இருந்திருக்காது, குப்பையும் கூட்டமும் கூடிய நாளாக இருந்திருக்கலாம். அதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதாவிட்டால் பதிவு முழுமையாகாது.

கரகாட்டம், நையாண்டி மேளம், நாடகக் கலைஞர்களைத் தேடிப் பிடியுங்கள். பங்குனி முதல் ஆடி வரையிலான திருவிழாக் காலம்தான் அவர்களுக்கு வருச வருமானம். கடைகள் திறந்த தேதி அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை, எந்த ஊர் முதலில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டது என்பதுதான் அவர்கள் கணக்கில் திறப்பு. கல்யாணச் சமையல் மாஸ்டர்களும் அப்படித்தான். குழந்தைகளையும் விடாதீர்கள்: 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை வகுப்பறையை முதலில் பார்த்தது 2021 நவம்பரில், இரண்டாம் வகுப்பு மாணவராக. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், பேட்டி முழுக்க அவர்கள் கூடவே இருக்கட்டும்.

கேள்வி

"எப்படி உணர்ந்தீர்கள்?" என்ற கேள்வியை அடித்துவிடுங்கள். கை என்ன செய்தது, கால் எங்கே போனது என்று கேளுங்கள்.

கடைக்காரரிடம்: "அன்னைக்குக் காலையில எத்தனை மணிக்குக் கடைக்குப் போனீங்கண்ணே? ஷட்டரைத் தூக்குனதும் முதல்ல கண்ணுல பட்டது என்ன? எதை எடுத்து வெளியே போட்டீங்க? முதல் போணி யாரு, என்ன வாங்குனாரு? காசைக் கையில வாங்குனீங்களா, டப்பாவுல போடச் சொன்னீங்களா?" வீட்டில் இருந்தவரிடம்: "முதல்ல எந்த வீட்டுக்குப் போனீங்கக்கா? உள்ள கூப்பிட்டாங்களா, திண்ணையிலயே பேசுனீங்களா? யாரு போக வேணாம்னு சொன்னா?" எல்லாரிடமும் ஒன்று: "திறந்த பிறகு, வழக்கமா வர்றவங்கள்ல யாரு வரலை?" இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் பெரும்பாலும் பேட்டியிலேயே கனமானது. ஆகவே பாதி நேரம் கழிந்த பிறகே கேளுங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கென்று தனியாகப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். மீனாட்சி திருக்கல்யாணம் 2020-லும் 2021-லும் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. பெண்கள் பலர் வீட்டிலேயே நேரலை பார்த்து மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். எந்த அறையில் உட்கார்ந்து மாற்றினார்கள், கயிறு எங்கே கிடைத்தது, மறு வருடம் வரை கழுத்தில் என்ன நினைப்பு இருந்தது, 2022-ல் கோயில் பக்கம் போக முடிந்ததா என்று வரிசையாகக் கேட்டால், தளர்வு என்றால் ஒரு பெண்ணுக்கு என்ன என்பது அந்த ஒரு கயிற்றில் இருக்கும். 2022-ல் அழகர் இறங்கியபோது நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். "கூட்டம் எப்படி?" என்று உற்சாகமாகக் கேட்டுவிடாதீர்கள். அவர் எங்கே நின்றார், எப்போது கிளம்பினார் என்று மட்டும் கேட்டு, மீதியை அவரே சொல்ல விடுங்கள்.

இழப்பு எப்போது தலை நீட்டும் என்று சொல்ல முடியாது. இப்படி ஓர் உரையாடலை வைத்துக்கொள்வோம்:

"பஸ் விட்டதும் முதல்ல எங்கக்கா போனீங்க?"
"எங்கம்மா வீட்டுக்கு."
"யாரெல்லாம் இருந்தாங்க?"
"வீடுதான் இருந்துச்சு."

இந்த இடத்தில் அடுத்த கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் புதிதாகக் கேட்பவர்கள் செய்யும் தவறு. மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் "நிப்பாட்டிக்கிருவமாக்கா?" என்று கேளுங்கள். எந்த மருத்துவமனை, எத்தனையாம் நாள் என்றெல்லாம் நோண்டுவது நம் வேலையில்லை. "சாப்ட்டீங்களா" என்று பேச்சை மாற்றி மழுப்புவதும் வேண்டாம், அவர் சொன்னது காற்றில் போனதாக அவருக்குத் தோன்றும்.

யாரால் பரவியது என்று ஒரு சமூகத்தையோ தெருவையோ குறை சொல்லும் பேச்சும் வரும். வாதாடாதீர்கள், தலையாட்டவும் செய்யாதீர்கள். "அது யார் சொல்லித் தெரிஞ்சது?" என்று கேட்டு, டிவியில் கேட்டதா, வாட்ஸ்அப்பில் வந்ததா, கண்ணால் பார்த்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும்போது

போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும். பேசுபவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள், மடித்த துண்டின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தம்ளர் வைக்கிற சத்தம் இடி மாதிரி விழும். மின்விசிறிதான் முதல் எதிரி. மதுரை வெயிலில் அணைக்கச் சொல்ல மனசு வராதுதான், ஆனால் நேர் கீழே உட்கார்ந்து எடுத்த பதிவில் பாதி வார்த்தை போய்விடும். காலை ஏழரைக்கு முன்போ மாலை ஆறுக்குப் பிறகோ போனால் இரண்டு பேருக்கும் நல்லது. பூக்கடைக்காரர் என்றால் மாட்டுத்தாவணியில் ஏலம் முடிந்து மூச்சு விடும் நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் ஒரு நிமிடம் பேசவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பிறகு தேதி, தெரு, கேட்பவர் பெயர், பேசுபவர் எந்தப் பெயரில் குறிக்கப்பட விரும்புகிறார் என்பதைக் குரலிலேயே சொல்லி, சம்மதத்தையும் குரலிலேயே வாங்குங்கள்: "இதை நாங்க எழுதி வைப்போம். வேணாம்னு நீங்க எப்பச் சொன்னாலும் எடுத்துருவோம். சரிங்களாய்யா?" நாற்பது நிமிடத்தில் நிறுத்துங்கள், ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் இருவருக்கும் சோர்வு. சுருக்காத வேவ் முறையில், மோனோவில் (ஒற்றை ஒலித்தடத்தில்) பதிந்தால் மணிக்குச் சுமார் 320 எம்பி, 128 கேபிபிஎஸ் சுருக்க முறையில் 58 எம்பி. போனில் இடம் இருந்தால் வேவ். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

இன்னொரு தொல்லை, பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்வது. மனைவியிடம் கேட்டால் கணவர் பேசுவார். அவருக்கும் தனியாக ஒரு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டால் அடங்கிவிடுவார்.

பொருளும் படமும்

வாய் மறந்ததைப் பொருள் ஞாபகம் வைத்திருக்கும். அன்றாடக் கணக்கு நோட்டு, இ-பாஸ் தாள், டாஸ்மாக் கலர் டோக்கன், தேதி மாற்றி ஒட்டுத்தாள் ஒட்டிய கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, கடை வாசலில் இடைவெளிக்கு வட்டம் போட்ட பெயின்ட் டப்பா. கேட்டுப் பாருங்கள், பீரோவில் ஏதாவது ஒன்று இருக்கும். வாங்கிக்கொண்டு வராதீர்கள், அங்கேயே பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அவரிடமே கொடுத்துவிடுங்கள். கணக்கு நோட்டில் திறந்த வாரத்தையும் அதற்கு முந்தைய வருடம் அதே வாரத்தையும் சேர்த்து எடுங்கள், ஒற்றை வாரத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

போனில் உள்ள படம் என்றால் எடுத்த போனிலேயே தேதியைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் கோப்புப் பெயரில் 20200504 என்று இருந்தால், அது அந்தப் போனுக்கு வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் இல்லை.

எழுத்தாக்கும்போது

ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். பேட்டி எடுத்த வாரமே செய்யுங்கள், தள்ளிப்போட்டால் தெளிவில்லாத வார்த்தைகளை உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது. "வந்தாய்ங்க, போனாய்ங்க" என்று அவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். "வந்தார்கள்" என்று திருத்தினால் ஊர் போய்விடும். "அங்கிட்டு" அங்கிட்டாகவே இருக்கட்டும். மகால் பக்கம் சௌராஷ்டிரம் பேசுபவர்கள் தங்கள் மொழியிலேயே சொல்லட்டும். அப்புறம் அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவரை உட்கார வைத்துத் தமிழ் எழுதுங்கள். சிரிப்பு, இருமல், நீண்ட மௌனம் ஆகியவற்றை அடைப்புக்குறிக்குள் குறியுங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் எது சரி என்று தீர்ப்புச் சொல்லி ஒன்றை அழிக்காதீர்கள், இரண்டையும் வைத்து, தேதி அட்டையில் உள்ள தேதியைப் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

கோப்புக்கு ஆண்டு-மாதம்-நாள், தெரு, வரிசை எண் என்று பெயர் வையுங்கள்: 2025-06-14_செல்லூர்_03. மூன்று இடத்தில் படி இருக்கட்டும், அதில் ஒன்று வேறு வீட்டில். முடிந்ததும் தாளில் அச்சடித்து, பெரிய எழுத்தில், பேசியவரிடம் நேரில் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். சிலர் அப்போதுதான், "இதுல ஒண்ணு விட்டுப்போச்சு தம்பி" என்று ஆரம்பிப்பார்கள். அதனால் படித்துக் காட்டப் போகும்போதும் போனில் சார்ஜ் இருக்கட்டும்.