தங்க ஜிகினா நகப்பூச்சு: நகத்துக்கு முன் புட்டியைப் பாருங்கள்

சிறு தயாரிப்பாளர்கள் கையால் கலந்து விற்கும் ஜிகினா நெயில் பாலிஷில், நுண்தூளும் அறுகோணத் துண்டுகளும் பெரிய வட்டங்களும் ஒரே புட்டியில் கிடக்கும். சாதாரண பாலிஷ் போல நினைத்து பிரஷ்ஷை மூன்று முறை இழுத்தால், தூள் முழுக்க நகத்தின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், நடுவில் வெறும் பசைதான் நிற்கும். பூச்சு மோசம் என்று தூக்கிப் போடுவதற்கு முன் அது எப்படிப்பட்ட பூச்சு என்று பார்த்துவிடுவது நல்லது.

முதலில் புட்டியை அசைக்காமல் வெளிச்சத்தில் பிடித்து, மேலே தெளிந்து நிற்கும் திரவத்தைக் கவனியுங்கள். தங்க ஜிகினா பெரும்பாலும் தங்க நிறத்தில் பிறப்பதில்லை. பாலியெஸ்டர் படலத்தில் அலுமினியம் பூசி, அதன்மேல் மஞ்சள் சாயம் ஏற்றியது. பாலிஷில் உள்ள எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்ற கரைப்பான்களைத் தாங்காத ஜிகினா என்றால் சாயம் கரைந்து திரவம் மஞ்சளாகும், துண்டுகள் வெள்ளியாக வெளுக்கும். நிறமற்றது என்று சொல்லி விற்ற பேஸ் (ஜிகினா மிதக்கும் திரவம்) அழுத்தமான மஞ்சளாக இருந்து, துண்டுகளும் வெளுத்திருந்தால் காரணம் அதுதான். அப்படிப்பட்ட புட்டியைத் தயாரிப்பாளரிடம் திருப்பிக் கேட்பதில் தவறில்லை. பெரிய துண்டுகள் சுருண்டிருந்தாலும் அதே சந்தேகம்தான்.

ஜிகினா அடியில் படிவது குறை அல்ல. கனமான துண்டு கீழே போகத்தான் செய்யும். அதைத் தாங்குவதற்காகவே பேஸில் ஒரு வகைக் களிமண் சேர்க்கிறார்கள். மூடியை இறுக்கி அரை மணி நேரம் தலைகீழாக வைத்துவிட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு நிமிடம் உருட்டுங்கள். வேகமாகக் குலுக்கினால் காற்றுக் குமிழ்கள் நுழைந்து, காய்ந்த பிறகு ஊசித் துளைகளாகத் தெரியும். உள்ளே உலோகக் குண்டு உருளும் சத்தம் கேட்கவில்லை என்றால் துருப்பிடிக்காத எஃகுக் குண்டுகள் இரண்டு போடலாம். சாதாரண இரும்புக் குண்டு துருவைக் கக்கி நிறத்தைக் கெடுக்கும்.

இனி சோதனை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் நகம் ஒன்றில் ஒரு பாதிக்குக் கறுப்பும் மறுபாதிக்கு வெறும் தங்க மெட்டாலிக் பாலிஷும் பூசிக் காயவையுங்கள். அதன்மேல் ஜிகினாவை ஒரே ஒரு பூச்சு. கறுப்பின் மேல் துண்டுகளுக்கு இடையே இடைவெளி நிறையத் தெரிந்தால் இது மேல்பூச்சு வகை, அடியில் நிறம் இல்லாமல் நிற்காது. ஏறக்குறைய மூடிவிட்டால் அடர்த்தியான வகை, தனியாகவே இரண்டு பூச்சில் முடிந்துவிடும். எந்த அடிநிறம் வேண்டும் என்றும் அப்போதே தெரிந்துவிடும். கறுப்பின் மேல் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக மின்னும். தங்கத்தின் மேல் முழு நகமும் ஒரு தகடு போலத் தெரியும். மேல்பூச்சு வகைக்குத் தங்க அடிதான் வசதி, இடைவெளியெல்லாம் மறைந்துவிடும்.

நகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இரண்டாம் நாளே உரியும். ரிமூவரில் நனைத்த பஞ்சால் ஒருமுறை துடைத்துவிட்டு, பேஸ் கோட் எனும் நிறமற்ற அடிப்பூச்சு, பிறகு மெல்லிய ஒரு அடிநிறப் பூச்சு. பத்து நிமிடம் பொறுங்கள்.

ஜிகினாவை இழுக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். பிரஷ்ஷின் நுனியில் ஒரு சிறு குமிழ் அளவு எடுத்து, நகத்தின் நடுவில் வைத்து மெதுவாகத் தட்டிப் பரப்புங்கள். பெரிய துண்டு ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் துணியிலும் தலைமுடியிலும் மாட்டும். குச்சி நுனியால் உள்ளே தள்ளிவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது பூச்சு. மூன்றாவதுக்கு ஆசைப்பட வேண்டாம். மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே நின்று, போர்வையின் வரி நகத்தில் பதியும்.

ஜிகினா குறைவாக உள்ள பூச்சு என்றால் பிரஷ்ஷை விட ஸ்பாஞ்ச் மேல். மேக்கப் ஸ்பாஞ்சின் சிறு துண்டில் பாலிஷைத் தடவி, சில நொடிகள் விட்டு நகத்தில் ஒற்றுங்கள். பசையை ஸ்பாஞ்ச் குடித்துவிடும், ஜிகினா மட்டும் நகத்துக்கு வரும். சுற்றியுள்ள தோல் கட்டாயம் பாழாகும் என்பதால், முன்கூட்டியே நகத்தைச் சுற்றி வெள்ளைப் பசை தடவிக் காயவைத்தால் பிறகு உரித்து எடுத்துவிடலாம்.

கடைசியாக மேலே பூசும் நிறமற்ற டாப் கோட்டை ஜிகினா குடித்துவிடும் என்பார்கள். உண்மையில் மேடு பள்ளங்களை நிரப்பவே முதல் பூச்சு தீர்ந்துபோகிறது. அதனால் கெட்டியான டாப் கோட்டைப் பெரிய சொட்டாக வைத்து, பிரஷ் முடி ஜிகினாவில் படாமல் மிதக்க விடுங்கள். காய்ந்ததும் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் இன்னொரு பூச்சு. நுனி விளிம்பையும் சேர்த்து மூடுங்கள். இல்லையேல் டாப் கோட் காயும்போது உள்ளிழுத்துக்கொண்டு நுனி வெறுமையாகும்.

கழற்றுவதுதான் பெரிய வேலை. பஞ்சை வைத்துத் தேய்த்தால் ஜிகினா நகத்தைக் கீறும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து, அலுமினியத் தாளால் விரல் நுனியைச் சுற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு அழுத்தி ஒரே இழுப்பில் எடுத்தால் பெரும்பாலும் மொத்தமாக வந்துவிடும். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், அடுப்போ விளக்கோ எரியும் அறையில் இதைச் செய்யாதீர்கள். இரண்டே நாளுக்குத்தான் பூசுகிறீர்கள் என்றால், தண்ணீரில் இளகும், அப்படியே உரித்தெடுக்கும் பீல் ஆஃப் பேஸ் கோட் இந்தப் பாட்டையே மிச்சப்படுத்தும். ஆனால் பாத்திரம் கழுவும் கைக்கு அது ஒரு நாள்கூடத் தாங்காது.

கண் இமையில் காரணம் தெரியாத அரிப்போ வீக்கமோ வந்தால் பாலிஷையும் சந்தேகியுங்கள். நகப்பூச்சு ஒவ்வாமை விரலை விட்டுவிட்டு, விரல் அடிக்கடி தொடும் இமையில் தலைகாட்டுவது உண்டு.

புட்டி கெட்டியானால் நெயில் பாலிஷ் தின்னர் இரண்டு, மூன்று சொட்டு போதும். ரிமூவரை ஊற்றினால் பூச்சின் பிடிப்பு போய்விடும், அந்தப் புட்டி பிறகு தேறாது.